பண்ணைப் பட்டறைக்கு இரும்பு அறுக்கும் இயந்திரம்: எதை முதலில் வாங்குவது?

பண்ணைப் பட்டறையில் இரும்பு அறுக்கும் வேலை, தொழிற்சாலையில் நடப்பதுபோல் ஒரே அளவில், ஒரே பொருளில், நாள் முழுவதும் நடப்பதில்லை. ஒரு மாதம் முழுவதும் ஒரு வெட்டுகூடத் தேவைப்படாமல் போகலாம். அடுத்த வாரமே டிரெய்லரின் அடிச்சட்டத்துக்காகச் ப வடிவச் சேனலிலும் L வடிவ ஆங்கிளிலும் ஐம்பது அறுபது துண்டுகள் வேண்டியிருக்கும். அறுவடைக்கு நடுவில், துருப்பிடித்து இறுகிப்போன ஒரு போல்ட்டை வண்டி நின்ற இடத்திலேயே வெட்டியெடுக்க நேரும். இவ்வளவுக்கும் ஒரே இயந்திரத்தைத் தேடுபவர்கள், விலையும் வேகமும் கண்ணைக் கவர்வதால், 355 மி.மீ. கட்டிங் வீலை (தேய்த்து வெட்டும் வட்டை) மேலிருந்து இறக்கி வெட்டும் சாப் சாவைத்தான் பெரும்பாலும் வாங்கிவிடுகிறார்கள். அதற்கென்று உரிய வேலைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் கொட்டகைக்குள் ஒரே இடத்தில் நிலையாக நிற்கப்போகும் முதல் இயந்திரமாக, வளையமாக ஓடும் பல்லுள்ள பட்டையால் அறுக்கும் கிடைமட்டப் பேண்ட்சாதான் பெரும்பாலான பண்ணைகளுக்குப் பொருந்தும் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வருவதற்கான காரணங்களையும், அது பொருந்தாத இடங்களையும் கீழே விளக்குகிறேன்.

இந்த இயந்திரங்களை ஒப்பிடுவதற்கு நல்ல தொடக்கம், வெட்டும் விளிம்பு ஒரு நொடியில் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று பார்ப்பதாகும். 355 மி.மீ. கட்டிங் வீல் நிமிடத்துக்கு 3800 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் ஓடுகிறது. அதே விட்டமுள்ள, கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளில் பல் வைத்த பிளேடு நிமிடத்துக்கு 1300 சுற்று சுழன்றால் விளிம்பு வேகம் 24 மீட்டர். சிறிய பேண்ட்சாவின் பட்டையோ மென்னிரும்பை அறுக்கும் வேகத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகர்கிறது. தீப்பொறி, சூடு, சத்தம், பிசிறு, மோட்டாருக்குத் தேவையான வாட் ஆகியவற்றில் இந்த மூன்றுக்கும் இடையே காணும் வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த எண்களிலிருந்தே பிறக்கின்றன. மேலும் கட்டிங் வீல் இரும்பைத் தேய்த்துப் பொடியாக்கி எடுக்கிறது. பல்லுள்ள பிளேடு சீவிச் சுருளாக எடுக்கிறது. தேய்ப்பதில் செலவாகும் ஆற்றலின் பெரும்பகுதி சூடாக மாறுகிறது.

கை ரம்பமும் ஆங்கிள் கிரைண்டரும்

300 மி.மீ. பிளேடு பூட்டிய கை ஹேக்ஸா எந்தப் பட்டறையிலும் இருக்க வேண்டிய ஒன்று. அதைப் பற்றிப் பெரிதாக விவாதிக்க வேண்டியதில்லை. அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு பொதுவேலைக்கும், 32 பல் உள்ளது மெல்லிய தகடு, குழாய் ஆகியவற்றுக்கும், 18 பல் உள்ளது தடித்த இரும்புக்கும் உகந்தவை. டீசல் தொட்டியின் அருகில் தீப்பொறி கூடாத இடத்தில் ஒரு சிறிய துண்டை அறுக்க வேண்டுமென்றால், எவ்வளவு விலையுயர்ந்த மின் இயந்திரம் இருந்தாலும் கை அதைத்தான் தேடும்.

ஆங்கிள் கிரைண்டரும் விருப்பத் தேர்வன்று, அவசியம். 1 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய கட்டிங் வீல் 6 மி.மீ. ஆங்கிளைத் தயக்கமின்றி வெட்டும். வைஸில் வைக்க முடியாத, ஏற்கெனவே வெல்டிங் செய்யப்பட்ட, இறுகிப்போன எதையும் அதுதான் வெட்டியெடுக்கும். பதப்படுத்திய எஃகை, அதாவது கல்டிவேட்டர் கொழு, வட்டுக்கலப்பையின் தட்டு, லீஃப் ஸ்பிரிங் பட்டை போன்றவற்றை வெட்டுவதற்கும் இதுவே முறையான கருவி; பல்லுள்ள எந்தப் பிளேடும் அவற்றில் மழுங்கிவிடும் அல்லது பல்லை இழந்துவிடும். ஓர் இரும்பு எந்த வகை என்று தெரியாதபோது, அரத்தை அதன் ஓரத்தில் ஒருமுறை அழுத்தி இழுத்துப் பார்த்தால் போதும். அரம் கடித்து இரும்பைச் சுரண்டினால் அதைப் பேண்ட்சாவுக்குக் கொண்டுபோகலாம். கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் கிரைண்டருக்கே கொடுக்க வேண்டும். பழைய இரும்புக் குவியலிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் பண்ணைகளில் அதிகம் என்பதால், இந்தச் சோதனை காப்பாற்றும் பிளேடுகள் பல.

கிரைண்டரின் குறை, வெட்டின் நேர்மை முழுக்க முழுக்கக் கையைச் சார்ந்திருப்பது. நான்கு துண்டுகளின் முனைகளைச் சதுரமாக (செங்கோணமாக) வெட்டி ஒரு சட்டம் பொருத்த முயன்றவர்களுக்கு, ஒவ்வொரு மூலையிலும் 2 மி.மீ. இடைவெளியை வெல்டிங்கால் நிரப்புவது எவ்வளவு சலிப்பான வேலை என்பது தெரியும். வீல் வெட்டுக்குள் சிக்கிக்கொண்டால் கருவி பயன்படுத்துபவரை நோக்கித் துள்ளும். ஆகவே வீலை மறைக்கும் காப்பு மூடியான கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வதை எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது. ரெசினால் பிணைத்த கட்டிங் வீல்களுக்குக் காலாவதி நாள் உண்டு. பொதுவாக உற்பத்தியிலிருந்து மூன்று ஆண்டுகள். வீலின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் அது பொறிக்கப்பட்டிருக்கும். ஈரமான கொட்டகையின் மூலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த வீலை எடுத்துப் பூட்டுவது, நொடிக்கு 80 மீட்டர் வரை ஓடக்கூடிய ஒன்றின் உறுதியைச் சோதித்துப் பார்க்காமலே நம்புவதாகும்.

355 மி.மீ. சாப் சா

கிரைண்டரின் நேர்மைக் குறையைத் தீர்க்கும் முதல் படியாகவே பலரும் சாப் சாவை நாடுகிறார்கள். பொருளை வைஸில் இறுக்கி, கைப்பிடியை அழுத்தினால், ஆங்கிளோ கம்பியோ சில நொடிகளில் துண்டாகிறது. எடை 16 முதல் 18 கிலோவுக்குள் இருப்பதால் ஒருவரே தூக்கிக்கொண்டு வெளியே போய் வேலை செய்யலாம். அதிகத் தேர்ச்சி தேவையில்லை. வீலும் எளிதில் கிடைக்கிறது. பதப்படுத்திய எஃகையும் அது வெட்டுகிறது.

ஆனால் வெட்டி முடித்ததும் தொடங்கும் வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் அடிப்பக்கத்திலும் தடித்த, கெட்டியான பிசிறு தொங்கும். அதைக் கிரைண்டரால் தேய்க்காமல் வெல்டிங் செய்யவோ ஒன்றோடொன்று பொருத்தவோ முடியாது. துண்டின் முனை உடனே கையால் தொட முடியாத சூட்டில் இருக்கும். மென்னிரும்பில் இந்தச் சூட்டால் பெரிய பாதிப்பு வராது; ஆனால் ஷாஃப்டுக்குப் பயன்படும் நடுத்தரக் கார்பன் எஃகில் வெட்டிய முகம் கடினப்பட்டுவிடக்கூடும். பிறகு அதில் துளையிடப் போனால் டிரில் பிட்டின் முனை கருகும். லேத்தில் கடைந்தால் டூலின் முனை போகும். வீல் தேயத் தேய விட்டம் குறைவதால் வெட்டும் ஆழமும் வேகமும் குறைகின்றன. அவசரப்பட்டு அழுத்தினால் வீல் வளைந்து, மேலே சதுரமாகத் தொடங்கிய வெட்டு கீழே சாய்வாக முடிகிறது. தடித்த சேனலில் இது தெளிவாகத் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தயங்கவைப்பது தீப்பொறி. பண்ணைக் கொட்டகை என்பது வெறும் இரும்புப் பட்டறையன்று. வைக்கோல், தீவனத் தூசு, எண்ணெய் நனைந்த துணி, பழைய சாக்கு, எரிபொருள் கேன் எல்லாம் அதே கூரையின் கீழ் இருக்கும். சாப் சா எறியும் பொறி பல மீட்டர் தூரம் ஓடிச் சுவரோரத்துத் தூசுக்குள்ளும் பலகை இடுக்குக்குள்ளும் புகுந்துவிடும். அங்கே உடனே தீப்பிடிக்காமல் வெகுநேரம் புகைந்துகொண்டிருந்து, ஆள் போனபின் பற்றிக்கொள்ளும். பொறி பறக்கும் வேலையைச் சுற்றி 11 மீட்டர் வரை எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது, வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது அவ்விடத்தைக் கண்காணிக்க வேண்டும் என்பது தொழிற்சாலைகளில் பின்பற்றப்படும் நடைமுறை. கொட்டகைக்குள் இந்த இரண்டு விதிகளையும் ஒவ்வொரு முறையும் உண்மையாகவே கடைப்பிடிக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப் சா வாங்க வேண்டும். அருகில் நிற்கும் டிராக்டரின் கண்ணாடியிலும் இந்தப் பொறி உருகி ஒட்டிக்கொள்ளும். லேத்தின் சறுக்குப் பாதையில் படியும் வீல் தூசு அதைத் தேய்த்துவிடும். துத்தநாகப் பூச்சுள்ள குழாயை வெட்டும்போது எழும் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரக்கூடும். எரிபொருளோ பூச்சிமருந்தோ இருந்த பீப்பாயைப் பொறி பறக்கும் எந்தக் கருவியாலும் தொடவே கூடாது. காலியாகத் தெரியும் பீப்பாய்க்குள் மிஞ்சியிருக்கும் ஆவி வெடிக்கப் போதுமானது.

அலுமினியம் அதிகம் அறுப்பவர்களுக்குச் சாப் சா அறவே பொருந்தாது. இரும்புக்கான வீலின் துகள்களுக்கிடையே அலுமினியம் உருகி அடைத்துக்கொள்ளும். அதன்பின் வீல் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சூட்டை மட்டும் உண்டாக்கும். அலுமினியத் தூசும் துருத்தூசும் கலந்து கிடக்கும் இடத்தில் பொறி விழுவதும் ஆபத்தானது. அந்தக் கலவை பற்றினால் மிகக் கடுமையான சூட்டுடன் எரியும்.

கார்பைடு பல் பிளேடு இயந்திரம்

தோற்றத்தில் சாப் சாவைப் போலவே இருக்கும் இந்த இயந்திரம் வேலையில் வேறு வகையைச் சேர்ந்தது. கியர் மூலம் வேகத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு 1300 முதல் 1500 சுற்றில் பல்லுள்ள பிளேடைச் சுழற்றுகிறது. வெட்டு வேகமாக நடக்கிறது, முகம் பளபளப்பாக வருகிறது, பிசிறு மிகக் குறைவு, துண்டைச் சில நொடிகளில் கையில் எடுக்கலாம். சதுரக் குழாயில் 45 பாகை வெட்டி கேட், கூண்டு, தடுப்புச் சட்டம் எனத் தொடர்ந்து செய்பவர்களுக்கு இதைவிட மகிழ்ச்சியளிக்கும் இயந்திரம் இல்லை என்றே சொல்வேன். வெட்டிய இரண்டு முனைகளும் இடைவெளியின்றிச் சேரும்போது வெல்டிங்கும் எளிதாகிறது, சட்டமும் திருகாமல் நிற்கிறது.

அதன் பலவீனம் பிளேடு. கார்பைடு கடினமானது, அதனாலேயே எளிதில் உடையும். வைஸில் பொருள் சிறிது அசைந்தாலும், கைப்பிடியைச் சட்டென்று இறக்கினாலும், வெட்டின் கடைசியில் தளர்ந்த துண்டு பிளேடில் சிக்கினாலும் பல் போய்விடும். ஓரிரு பல் போனால் அடுத்தடுத்த பற்களும் வேகமாகப் போகின்றன. பிளேடின் விலை கட்டிங் வீலின் விலையைப்போல் பல மடங்கு என்பதால், பலர் மாறிமாறிக் கைவைக்கும் பண்ணையில் இதை யோசித்தே வைக்க வேண்டும். மெல்லிய குழாய்க்கு அதிகப் பல் உள்ள பிளேடும் தடித்த இரும்புக்குக் குறைந்த பல் உள்ளதும் தேவைப்படும். முழுத்திண்மக் கம்பியில் எத்தனை விட்டம் வரை போகலாம் என்பதை இயந்திரத்தின் கையேடு சொல்லும் எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். குழாய்க்கு எழுதியிருக்கும் அளவு திண்மக் கம்பிக்குப் பொருந்தாது. ஆங்கிளைத் தட்டையாகப் படுக்கவைக்காமல், மூலை மேலே பார்க்கும்படி கவிழ்த்து வைத்தால் பற்கள் இரண்டு கால்களையும் சீராகக் கடிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சாப் சா ஏற்கெனவே இருப்பதால் கார்பைடு பிளேடை மட்டும் வாங்கி அதில் பூட்டிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது; விட்டமும் நடுத்துளையும் ஒத்துப்போவதால் அது பூட்டவும் செய்யும். ஆனால் 3800 சுற்றில் ஓடும் அந்த இயந்திரம், பிளேடின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் உச்ச வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் அதைச் சுழற்றும். பல் பிய்ந்து பறந்தால் தடுக்க அந்தக் கார்டு வடிவமைக்கப்படவில்லை. மரம் அறுக்கும் மைட்டர் சாவில் இரும்புக்கான பிளேடைப் பூட்டுவதும் இதே காரணத்தால் கூடாது. சுருளாக விழும் துகள் சூடாகவும் கூராகவும் இருப்பதால், கண்ணாடிக்கு மேல் முகக் கவசமும் இதில் தேவை.

கிடைமட்டப் பேண்ட்சா

இந்த வகையில் பண்ணைக்கு ஏற்றது, 1640 மி.மீ. நீளமும் 12.7 மி.மீ. அகலமும் உள்ள பட்டை ஓடும் சிறிய இயந்திரம். ஏறக்குறைய 115 மி.மீ. உருட்டுக் கம்பியும் 100 × 150 மி.மீ. சட்டமும் அதில் அடங்கும். பண்ணையில் வரும் ஷாஃப்ட், சேனல், குழாய் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும். மோட்டார் 370 முதல் 550 வாட் வரைதான். 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும் சாப் சாவுடன் ஒப்பிட்டால், சிறிய ஜெனரேட்டரிலோ நீண்ட கேபிளின் கடைசியிலோ வேலை செய்ய வேண்டிய பண்ணைக்கு இது சாதாரண வேறுபாடன்று.

குறை என்று எல்லோரும் சொல்வது வேகம். 50 மி.மீ. திண்மக் கம்பியை அறுக்க அதற்குச் சில நிமிடங்கள் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிமிடங்களில் அதன் அருகில் ஆள் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சட்டம் தன் எடையாலேயே இறங்குகிறது. ஸ்பிரிங்கோ ஹைட்ராலிக் சிலிண்டரோ அந்த இறக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. வெட்டு முடிந்ததும் சுவிட்ச் தானாக அணைகிறது. அதற்குள் முந்தைய துண்டில் துளை போடலாம், அடுத்த துண்டுக்கு அளவு குறிக்கலாம். வெட்டிய முகத்தை அரத்தால் ஒருமுறை வருடினால் வேலை முடிந்தது. சாப் சாவில் மிச்சப்படுத்திய நேரத்தைப் பிசிறு தேய்ப்பதில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பதைப் பார்க்கும்போது, ஐம்பது துண்டுள்ள ஒரு வேலையில் பேண்ட்சா பின்தங்குவதில்லை என்றே நினைக்கிறேன். பொறி இல்லை, புகை இல்லை, பக்கத்தில் நின்று பேச முடியும். வெட்டில் வீணாகும் இரும்பும் குறைவு: கட்டிங் வீல் 3 மி.மீ. எடுக்கும் இடத்தில் பட்டை ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே எடுக்கிறது. அறுபது வெட்டுகளில் வீல் 180 மி.மீ. இரும்பைப் பொடியாக்கும், பட்டை 60 மி.மீ. மட்டுமே. பெரும்பாலான சிறிய இயந்திரங்களின் சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு சிறிய தட்டைப் பூட்டினால், மூலைத்தகடு போன்ற வடிவங்களையும் கையால் தள்ளி அறுக்க முடிகிறது. அப்போது தளர்ந்த கையுறை அணியக்கூடாது.

பேண்ட்சா சாய்வாக வெட்டுகிறது என்ற புகார் அடிக்கடி எழுகிறது. அது இயந்திரத்தின் இயல்பன்று. சரிசெய்யாமல் விட்டதன் விளைவு. பட்டை போதுமான இறுக்கத்தில் இல்லாதபோதும், பட்டையைத் தாங்கும் கைடு பேரிங்குகள் வெட்டப்படும் பொருளிலிருந்து தள்ளியிருக்கும்போதும், சட்டம் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கும்போதும், பற்கள் ஒரு பக்கம் மட்டும் மழுங்கும்போதும் வெட்டு விலகும். நகர்த்தக்கூடிய கைடை ஒவ்வொரு முறையும் பொருளை ஒட்டிக் கொண்டுவந்து வைப்பதும், இறக்கத்தைக் குறைப்பதும் பாதிக்கு மேற்பட்ட சாய்வுகளைச் சரிசெய்துவிடும். புதிய இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே, மூலைமட்டத்தை வைத்துப் பட்டைக்கும் வைஸின் அடித்தளத்துக்கும் இடையே 90 பாகை இருக்கிறதா என்று சரிபார்த்து, கைடுகளைத் திருத்த ஒரு பிற்பகலைச் செலவிட வேண்டும். மலிவான இயந்திரங்களுக்கும் நல்லவற்றுக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி இந்தப் பிற்பகலில் அடங்கிவிடும்.

பல்லைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும்: எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது இரும்புக்குள் இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 14 பல் என்றால் ஒரு பல்லுக்கு 1.8 மி.மீ.; ஆகவே 6 மி.மீ. தடிமனில் மூன்று பல் தாராளமாக நிற்கும். 2 மி.மீ. சுவருள்ள குழாயில் அதே பட்டை ஒரு பல்லை மட்டுமே உள்ளே வைத்திருக்கும். அந்தப் பல் சுவரின் விளிம்பில் கொளுவிப் பிய்ந்துவிடும். 24 பல் உள்ள பட்டையில் இடைவெளி 1.06 மி.மீ. என்பதால், மூன்று பல் என்ற விதியை முழுதாக எட்டாவிட்டாலும், மெல்லிய குழாய்க்கு அதுவே பாதுகாப்பு. இரண்டுக்கும் நடுவே அடிக்கடி மாற்ற விரும்பாதவர்கள், பல்லின் இடைவெளி மாறிமாறி வரும் 14/18 பட்டையை வைத்துக்கொள்ளலாம். 6 மி.மீ. ஆங்கிளை இதிலும் மூலை மேலே வரும்படி கவிழ்த்து வைத்தால், பட்டை ஒவ்வொரு காலையும் சாய்வாகக் கடப்பதால் தடிமன் 8.5 மி.மீ. போலாகி, கூடுதல் பற்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும்.

முழுக் கார்பன் எஃகால் ஆன மலிவுப் பட்டையைவிட, ஸ்பிரிங் எஃகு முதுகில் ஹைஸ்பீடு எஃகுப் பல்முனையை இணைத்த பைமெட்டல் பட்டையையே பரிந்துரைக்கிறேன். விலை கூடுதல்தான், ஆயினும் முன்பின் தெரியாத பழைய இரும்பை அறுக்கும் பண்ணையில் அது நின்று உழைக்கும். புதுப் பட்டையை முதல் சில வெட்டுகளுக்குப் பாதி அழுத்தத்தில் மட்டும் ஓட்டினால் பல்முனை பழகி, ஆயுள் நீளும். மென்னிரும்புக்கு நிமிடத்துக்கு 60 மீட்டர் அளவும், ஸ்டெயின்லெஸ், கடின எஃகு வகைகளுக்கு 25 முதல் 30 மீட்டரும் போதும். விழும் துகள் மற்றதைச் சொல்லிவிடும்: தூசாக விழுந்தால் அழுத்தம் போதவில்லை, நீலம் பாய்ந்து விழுந்தால் வேகமோ அழுத்தமோ அதிகம், வெள்ளியாகச் சுருண்டு விழுந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) இல்லாமலும் இந்த வேகத்தில் அறுக்கலாம். வார்ப்பிரும்பை எப்போதும் உலர்வாகவே அறுக்க வேண்டும். அலுமினியத்துக்குப் பட்டையில் மெழுகுக் கட்டியைத் தொட்டுக்கொண்டால் பல்லிடுக்கு அடைக்காது.

சுருக்கமாகச் சிலவற்றைப் பற்றி

பவர் ஹேக்ஸா பழைய பட்டறைகளிலிருந்து விற்பனைக்கு வருவதுண்டு. அடித்தளம் கனமானது, பிளேடு மலிவு, கட்டமைப்பு எளிது. ஆனால் முன்னும் பின்னும் போகும் இயக்கத்தில் ஒரு திசை மட்டுமே வெட்டுவதால் பேண்ட்சாவைவிட மெதுவானது, இடமும் அதிகம் பிடிக்கும். நல்ல நிலையில் கைக்கு எட்டினால் ஏற்றுக்கொள்ளலாம். தேடிப் போக வேண்டியதில்லை.

கூலன்ட் ஓட, நிமிடத்துக்கு சில பத்துச் சுற்றுகளே சுழலும் ஹைஸ்பீடு எஃகு வட்ட ரம்பம் இவை எல்லாவற்றிலும் துல்லியமானது. ஆனால் அதன் எடையும் விலையும் தொடர்ந்த உற்பத்தி நடக்கும் இடத்துக்கே நியாயமானவை.

பிளாஸ்மா, கேஸ் கட்டிங் இரண்டும் தடித்த தகட்டுக்கு உரியவை. கம்பியையும் குழாயையும் அளவாகச் சதுரமாகத் துண்டிக்கும் ரம்பத்துக்கு அவை மாற்றாகா. அதிலும் கேஸ் கட்டிங் ஸ்டெயின்லெஸ், அலுமினியம் ஆகியவற்றை வெட்டாது.

கையில் தூக்கும் பேண்ட்சா பற்றி மட்டும் கூடுதலாக ஒரு சொல். 1140 மி.மீ. பட்டை ஓடும் வகை 120 மி.மீ. குழாய் வரை அறுக்கும். எடை பெரும்பாலும் 6 முதல் 8 கிலோ. தண்ணீர்க் குழாயையோ வேலிக் கம்பத்தையோ நின்ற இடத்தில், காய்ந்த புல்லின் நடுவே, பொறியில்லாமல் அறுக்க இதற்கு நிகரில்லை. நேர்மை கிடைமட்ட இயந்திரத்தின் அளவுக்கு வராது. ஆகவே கொட்டகையின் ஒரே இயந்திரமாக வைக்க ஏற்றதன்று, இரண்டாவதாக வாங்க மிகவும் ஏற்றது.

எதை வாங்குவது

ஆண்டில் சில முறை மட்டுமே இரும்பை வெட்டும் பண்ணைக்கு நல்ல கை ஹேக்ஸாவும் ஆங்கிள் கிரைண்டரும் திடமான வைஸும் போதும். அதற்கு மேல் சாப் சா சேர்ப்பதால் பெரிய பயன் விளையாது, ஏனெனில் அதே பொறியையும் பிசிறையும் கொஞ்சம் நேராக்கித் தருவதைத் தவிர அது புதிதாக எதையும் தருவதில்லை. ஷாஃப்ட், பின், சேனல், குழாய் எனக் கலந்து வருகிற பழுதுபார்ப்பும், இடையிடையே புதிதாகக் கருவி செய்வதும் நடக்கும் பண்ணைக்குக் கிரைண்டருடன் சிறிய கிடைமட்டப் பேண்ட்சா. மெல்லிய சுவருள்ள சதுரக் குழாயில் நிறையக் கோண வெட்டுகள் போட்டு, அதையே தொழிலாகவும் செய்பவர்களுக்குக் கார்பைடு பல் இயந்திரம் முந்தி நிற்கும். இயந்திரத்தைக் கையாளுபவர் ஒருவரோ இருவரோ ஆக இருந்தால் பிளேடும் நீடிக்கும். சாப் சாவுக்கு நான் ஒதுக்கும் இடம், கொட்டகைக்கு வெளியே சிமென்ட் தரையில் வேலை செய்யக்கூடிய, பதப்படுத்திய எஃகும் கட்டுமானக் கம்பியும் மட்டுமே மிகுதியாக வெட்டும் பட்டறை.

பழைய பேண்ட்சாவை வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்காமல் இயக்கிப் பார்க்க வேண்டும். பட்டை சக்கரத்தின் நடுவில் நிலையாக ஓடுகிறதா, சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, கியர் பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா, அந்த எண்ணெயில் பித்தளைப் பொடி மின்னுகிறதா, சட்டத்தின் கீல் தளர்ந்திருக்கிறதா என்பவை கவனிக்க வேண்டியவை. கைடு பேரிங் மலிவாகக் கிடைப்பது, தேய்ந்திருந்தால் பெரிய குறையில்லை. கியரும் கீலும் தேய்ந்திருந்தால் விட்டுவிடுவதே நல்லது. பட்டையின் நீளம் வழக்கத்துக்கு மாறானதாக இருந்தால், அந்த நீளத்தில் பட்டை தொடர்ந்து கிடைக்குமா என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

வாங்கியபின் வைக்கும் இடத்தையும் இப்போதே தீர்மானித்துக்கொள்வது நலம். இரும்பு 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. அதைக் கொட்டகைக்குள் திருப்பி வைக்க இடமில்லாமல், முதலில் கிரைண்டரால் பாதியாக வெட்டிவிட்டுப் பேண்ட்சாவுக்குக் கொண்டுவர நேர்ந்தால் இயந்திரத்தின் பயன் பாதி போய்விடும். வாசலுக்கு நேராக, கம்பியின் வால் வெளியே நீண்டு நிற்கும்படி இயந்திரத்தை நிறுத்தி, வைஸின் அடித்தள உயரத்துக்குச் சமமாக உருளையுடன் கூடிய இரண்டு தாங்கிகளைச் செய்துகொள்ள வேண்டும். தாங்கி 10 மி.மீ. தாழ்ந்தாலும் நீண்ட கம்பியின் எடை முனையை வைஸில் தூக்கிவிடும். கைடை எவ்வளவு திருத்தினாலும் அந்தச் சாய்வு போகாது. அந்தத் தாங்கிகளுக்கான குழாயை அறுப்பதையே இயந்திரத்தின் முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம். புதுப் பட்டையைப் பாதி அழுத்தத்தில் பழக்குவதற்கும் அதுவே தக்க வேலை.